டப்பா காலியாகத் திரும்பணும்

மார்ச் 2, திங்கள்
இரவு 12.50

அண்ணிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க நினைத்தேன். நாலு வாரமாக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேருக்கு நடுவில் அந்தக் கேள்வி பொய்யாகப் படுகிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை டப்பா வந்தது. வழக்கம்போல நாற்பது கருப்பு பிஸ்கட். உள்ளே ஒரு வரி எழுத்து இல்லை. பேச மாட்டேன், ஆனால் சாப்பிடு! சண்டை போட்ட பிறகும் தம்பி மனைவிக்கு பிஸ்கட் அனுப்புகிற நாத்தனார் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். நாளைக் காலை ஐந்து மணிக்கு உங்கள் ரொட்டி வேன் கீழ்க் கடைக்கு வரும்போது, காலி டப்பாவோடு இந்தக் கடிதமும் டிரைவர் ‘ஹாரன்’ அண்ணன் கையில் ஏறும். டப்பா காலிதான், பயப்படாதீர்கள். கல்யாணமான புதிதில் இரண்டே இரண்டு பிஸ்கட் மிச்சம் வைத்துத் திருப்பியதற்கு ஒரு மாதம் நீங்கள் முறைத்தது எனக்கு மறக்குமா? “எங்கக்கா டப்பா காலியாத்தான் திரும்பணும், அது எங்க வீட்டுச் சட்டம்” என்று உங்கள் தம்பி அன்றே சொல்லிவிட்டார்.

நம் பேச்சு நின்ற அன்றைக்கு நடந்ததை எழுத்தில் வைத்துவிடுகிறேன். பட்டப்பகல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே நான் கண் அசந்துவிட்டேன். மடியில் இருந்த குழந்தை, நம் பூசணி, சரிந்து தரையில் விழுந்தாள். நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம். நீங்கள்தான் ஓடி வந்து தூக்கினீர்கள். தூக்கிய கையோடு, பக்கத்து வீட்டு டீச்சர் நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல், “தூங்கத் தெரியாதவளுக்குக் கொழந்தை எதுக்கு? குடு, நான் தூக்கிட்டுப் போறேன்” என்றீர்கள். நான் திருப்பிச் சொன்னதை இங்கே எழுதக் கை வரவில்லை.

ஆனால் அண்ணி, நீங்கள் சொன்னதில் பாதி உண்மை. எனக்குத் தூங்கத் தெரியவில்லை. ஒன்பது மாதக் குழந்தை என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அவள் பாவம், இரவு ஒன்பதுக்குக் கண் மூடினால் நடுவில் ஒரு தடவை பால், பிறகு விடியும் வரை சத்தம் இல்லை. விழித்துக் கிடப்பது நான்தான். மூன்று மணி, சில நாள் நாலு மணி. ஆறு மாதமாக இதே கதை. கிளினிக்கில் டாக்டர் ரத்தம் பார்த்தார், மனசு எப்படி இருக்கிறது என்றும் பொறுமையாகக் கேட்டார். எல்லாம் சரியாம்.

உங்கள் தம்பிக்கு மட்டும் இதை எழுதிவிடாதீர்கள். கப்பலில் எஞ்சின் பார்க்கிறவர் கேள்விப்பட்டு என்ன செய்வார், கடலில் குதித்து நீந்தியா வருவார்? அதற்குப் பதில் எனக்கு ஒன்று சொல்லுங்கள். மாலை ஏழுக்குப் படுத்து இரவு இரண்டுக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறவர் நீங்கள். எப்படித் தூங்குகிறீர்கள்?

பூசணியின் அம்மா


மார்ச் 5, வியாழன்
மாலை 4 மணி, அடுப்பு அணைத்த பிறகு

பூசணி அம்மாவுக்கு,

எழுதுவது எனக்குத் தொழில் இல்லை. பிழை இருந்தால் உன் காலேஜ் படிப்பை வைத்துத் திருத்திக்கொள்.

உனக்கு எழுதக் கை வரவில்லை என்றாயே, அதை நான் எழுதுகிறேன். “பெத்துப் பாத்தாத்தான் தெரியும்” என்று சொன்னாய். பதினைந்து வருஷம் ஆஸ்பத்திரிக்கு நடந்தவள் நான். மாவு பிசைகிற மெஷின் ஓடும்போதுகூட அது காதில் கேட்கிறது. போகட்டும். போகவில்லை, ஆனாலும் போகட்டும்.

நானும் பேசியிருக்கக் கூடாதுதான். குழந்தை விழுந்த சத்தத்தில் பயந்துவிட்டேன். பயம் வந்தால் எனக்குக் கை கால் ஓடாது, வாய் ஓடும்.

தம்பிக்குக் கடிதம் எழுதி ஒட்டி மாவு டின் மேல் வைத்திருக்கிறேன். இன்னும் தபாலில் போடவில்லை. இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுப்பேன். அதற்குள் நீ மனுஷியாகத் தூங்கினால் அதைக் கிழித்து அடுப்பில் போடுகிறேன். இல்லாவிட்டால் அன்று வேனில் நானே வந்து குழந்தையை ஒரு மாதம் கொண்டுவந்து வைத்துக்கொள்வேன். இது கோபத்தில் சொல்வது இல்லை. அடுத்த தடவை அவள் எங்கே விழுவாள் என்று நினைத்தால் எனக்கே தூக்கம் வராது.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். நான் படுக்கிற நேரத்தில் எங்கள் தெருவில் பிள்ளைகள் பந்து அடித்துக்கொண்டிருப்பார்கள். எதிர் வீட்டில் டிவி அலறும். இருந்தும் படுத்த கால் மணியில் நான் தூங்கிப்போய்விடுவேன். வரம் வாங்கிவந்த தூக்கம் என்று நினைக்காதே. பேக்கரிக்கு வந்த முதல் வருஷம் நானும் உன்னைப் போலப் பேயாகத்தான் திரிந்தேன். அப்புறம் கற்றுக்கொண்டது இதுதான்: விடிகாலை ரொட்டிக்கு முதல் நாளே மாவு பிசைந்து வைக்கிறோம் இல்லையா, தூக்கமும் அப்படித்தான். படுக்கையில் போய் விழுந்த பிறகு அதைப் பிசைய முடியாது.

மாலை ஐந்து மணியிலிருந்து நீ என்ன சாப்பிடுகிறாய், என்ன குடிக்கிறாய், என்ன செய்கிறாய், எல்லாம் எழுது. ஒன்று விடக் கூடாது. வெட்கப்படாதே. எடை தெரியாமல் என்னால் எதையும் கலக்க முடியாது.

அண்ணி

பி.கு: நெற்றி வீக்கம் வடிந்துவிட்டதா? அதை ஏன் எழுதவில்லை?


மார்ச் 9, திங்கள்
இரவு 1.05

அண்ணிக்கு,

வீக்கம் மூன்றாம் நாளே வடிந்துவிட்டது. இப்போது நாற்காலியைக் கண்டால் அவள்தான் ஏறப் பார்க்கிறாள். உங்கள் குடும்பத்து தைரியம்.

கேட்டதை எழுதுகிறேன். திட்டக் கூடாது.

ஐந்து மணிக்குப் பூசணியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் துணி எடுப்பேன். ஆறுக்கு அவளுக்குச் சாதம் மசித்து ஊட்டுவேன். அதில் பாதி தரைக்கு, கால் பங்கு என் தலைக்கு. எனக்கு அப்போது பசிக்கும், ஆனால் உட்கார்ந்து சாப்பிட யார் விடுகிறார்கள்? ஒன்பதுக்கு அவள் தூங்கிய பிறகு பாத்திரம், துணி மடிப்பு, பால் புட்டியைக் கொதிக்க வைப்பது. நான் தட்டின் முன்னால் உட்காரும்போது மணி பத்தரை. நாள் முழுக்க ஒழுங்காகச் சாப்பிடாத பசி, அள்ளி அள்ளிப் போடுவேன். உருளைக்கிழங்கு பொரித்துவைத்தால் ஒரு சட்டி உள்ளே போகும். ஊறுகாய் இல்லாமல் இறங்காது. அதன் பிறகு இரண்டு டம்ளர் தண்ணீர்.

பிறகு போன். உங்கள் தம்பி துறைமுகத்தில் இருந்தால்தான் அவர் குரல் வரும். வராத நாட்களில் பழைய பதிவையே போட்டுக் கேட்பேன். “உன் குறட்டை இல்லாம இங்க தூக்கமே வரல, எஞ்சின் ரூம் சத்தம் அதுக்குப் பக்கத்துல கூட வராது” என்று ஒன்று வைத்திருக்கிறேன், அதைக் கேட்டுச் சிரிப்பேன். சிரித்து முடித்ததும் குழந்தைகளுக்கு வரும் வியாதிகளைப் பற்றிப் படிப்பேன். ஒன்றிலிருந்து ஒன்று. நேற்று நள்ளிரவில் பூசணிக்கு நாலு வியாதி இருப்பதாக எனக்கு உறுதியாகிவிட்டது. காலையில் பார்த்தால் அவள் செருப்பைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

படுத்ததும் கடிகாரம் பார்ப்பேன். இப்போது தூங்கினால் ஐந்து மணி நேரம், இப்போது தூங்கினால் நாலரை என்று கணக்குப் போட்டுக்கொண்டே கிடப்பேன். முடியாமல் எழுந்து இப்படி மேஜையில் உட்கார்ந்துவிடுவேன்.

காபி, டீ பற்றிக் கேட்பீர்கள், டாக்டரும் அதைத்தான் முதலில் கேட்டார். பூசணி வயிற்றில் இருந்தபோதே விட்டுவிட்டேன், இன்றுவரை தொடவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நான் தங்கம்.

இருபதாம் தேதி என்று எழுதியதைப் படித்த பிறகு காலண்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் இல்லாமல் இந்த வீட்டில் நான் தூங்கி என்ன, தூங்காமல் என்ன?

பூசணியின் அம்மா


மார்ச் 12, வியாழன்
மாலை 3.30

பூசணி அம்மாவுக்கு,

பத்தரை மணிக்கு ஒரு சட்டி உருளைக்கிழங்கு. நல்லவேளை, கூடவே கட்டிலையும் சாப்பிடவில்லை.

கேள். குழந்தைக்கு ஊட்டும் ஆறு, ஆறரைக்கே நீயும் சாப்பிடு. அவளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாய் அவளுக்கு, ஒரு வாய் உனக்கு. தரையில் சிந்தினால் சிந்தட்டும், தரை எங்கும் ஓடிவிடாது. சாதம், பருப்பு, வெந்த காய், ஒரு முட்டை. பொரியலும் காரமும் ஊறுகாயும் மத்தியானத்தோடு சரி. வயிற்றுக்கு வேலை கொடுத்துவிட்டு நீ படுத்தால் அது உன்னையும் எழுப்பித் துணைக்கு வைத்துக்கொள்ளும். ஒன்பது மணிக்குப் பசித்தால் ஒரு வாழைப்பழம், வெதுவெதுப்பாகக் கொஞ்சம் பால். தண்ணீர் பகலில் குடி. பால் கொடுக்கிறவள், குறைக்காதே, படுக்கிற நேரத்தில் குடம் குடமாக ஊற்றாதே, அவ்வளவுதான்.

பாத்திரம் காலை வரை கிடக்கட்டும். அதை யார் திருடப் போகிறார்கள்?

ஒன்பதுக்கு மேல் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு மூலையில் இருக்கும் சின்ன விளக்கை மட்டும் போடு. போனைக் கொண்டுபோய் அரிசி டப்பா பக்கத்தில் வை. தம்பி குரலைக் கேட்பதென்றால் சாயங்காலம் கேள், பூசணியும் கேட்கட்டும். வியாதி படிப்பதானால் பகல் பன்னிரண்டுக்குப் படி, அப்போது எந்த வியாதிக்கும் பயம் வராது. கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வை. வெந்நீரில் குளி. தினமும் ஒரே நேரத்தில் படு, ஒரே நேரத்தில் எழு. தூக்கம் வராவிட்டால் கட்டிலில் கிடந்து மல்லுக்கட்டாதே. எழுந்து மங்கின வெளிச்சத்தில் துணி மடி, கண் சொக்கினால் திரும்பப் போ.

நாற்காலியில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்காராதே. கண் இழுத்தால் முதலில் அவளைத் தொட்டிலில் போடு. மற்றதெல்லாம் தவறினாலும் இது தவறக் கூடாது.

டப்பாவில் இந்தத் தடவை ஐந்து கூட வைத்திருக்கிறேன். உடம்பு தேறணும்.

அண்ணி


மார்ச் 16, திங்கள்
இரவு 1.20

அண்ணி,

நீங்கள் சொன்னதெல்லாம் செய்தேன். ஆறரைக்குச் சாப்பாடு. ஊறுகாய் ஜாடியை டீச்சர் வீட்டுக்கே கொடுத்துவிட்டேன். “என்னம்மா, வீடு மாத்துறியா?” என்று கேட்டார். போன் அரிசிக்குப் பக்கத்தில், கடிகாரம் சுவரைப் பார்த்து. நெஞ்செரிச்சல் போய்விட்டது, அது பொய் இல்லை. வியாதி பயமும் பாதி குறைந்தது.

தூக்கம் மட்டும் வரவில்லை. உடம்பு கெஞ்சுகிறது, தலைக்குள் யாரோ விளக்குப் போட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. சொன்னபடி எழுந்து மூலை விளக்கில் உட்கார்ந்து துணி மடிக்கிறேன். மடிக்கத் துணி தீர்ந்துவிட்டது அண்ணி. மடித்ததைப் பிரித்து மறுபடி மடிக்கிறேன்.

சனிக்கிழமை நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பூசணியைக் குளிப்பாட்ட வெந்நீர் எடுத்து ஊற்றினேன். பச்சைத் தண்ணீர் கலந்துவிட்டதாக மனசு சொல்லிற்று. கலக்கவில்லை. அவளை இறக்கப் போன கடைசி நொடியில் என் முழங்கை தண்ணீரில் பட்டது. முழங்கை இன்னும் சிவந்திருக்கிறது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒன்றுமே ஆகவில்லை. அவளைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் என் மூக்கைப் பிடித்து இழுத்து விளையாடினாள்.

அதனால் நானே சொல்கிறேன். வெள்ளிக்கிழமை வாருங்கள். அவளை அழைத்துக்கொண்டு போங்கள். எட்டு கவுன், மூன்று போர்வை, கடிக்கிற ரப்பர் வாத்து, எல்லாம் பையில் வைத்தாயிற்று. தூங்கும்போது அவள் இடது காதைத் தானே திருகிக்கொள்வாள், தடுக்காதீர்கள், அப்போதுதான் கண் மூடுவாள். பச்சைப் போர்வை இல்லாவிட்டால் அழுவாள். அத்தை மடி அவளுக்குப் புதுசு இல்லை. நீங்கள் அன்றைக்குச் சொன்னது சரி. நான் சொன்னதுதான் தப்பு. பெற்றவளுக்கும் தெரியவில்லை.

இந்த இடத்தில் விரல் பட்டு எழுத்து கலைந்துவிட்டது, மன்னியுங்கள். வேறு தாளில் எழுதத் தெம்பு இல்லை.

பூசணியின் அம்மா


மார்ச் 19, வியாழன்
காலை 11 மணி

அம்மாடி,

முதலில் இது. வெள்ளிக்கிழமை நான் குழந்தையைத் தூக்க வரவில்லை. பையைப் பிரித்துத் துணியெல்லாம் அலமாரியில் வை.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவைதான் அந்த விரல் கறையைப் பார்த்தேன். மசி கறுப்பு, விரல் தடம் பழுப்பு. தாளின் மடிப்பில் இரண்டு துணுக்கு. எடுத்து நாக்கில் வைத்தேன். என் சரக்கு எனக்குத் தெரியாதா? மேலே பார்த்தால் உன் கையெழுத்தில் “இரவு 1.20”.

அடுப்பு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாலை ஐந்திலிருந்து ஒன்று விடாமல் எழுது என்றேன். ஊறுகாயைக்கூட எழுதினாய், என் பிஸ்கட்டை எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்றும் எனக்குத் தெரியும். அது உனக்குத் தீனி இல்லை, நாத்தனார் அனுப்பியது. டப்பா காலியானால்தானே உன் கடிதம் என்னிடம் வர முடியும்? வாரத்துக்கு நாற்பது, போன வாரம் நாற்பத்தைந்து. எல்லாம் ராத்திரி, எனக்கு எழுதிக்கொண்டே.

அதில் என்ன இருக்கிறது என்று நான் உன்னிடம் சொன்னதே இல்லை, நீயும் கேட்டதில்லை. அது கடையில் விற்கிற பிஸ்கட் இல்லை அம்மாடி. ராத்திரி இரண்டு மணிக்கு வேலைக்கு வருகிற எங்கள் ஆட்கள் கண்ணைத் திறப்பதற்காக நான் போடுவது. ஒரு ஈடு மாவுக்குக் கெட்டி டிகாஷன் இரண்டு டம்ளர், போதாததற்குக் காபித் தூளும் சேர்ப்பேன். கசப்பு தெரியாமல் இருக்க வெல்லத்தைக் கருக்கி ஊற்றுவேன். “அக்கா பிஸ்கட்டு ரெண்டு தின்னா செத்தவனும் எந்திரிச்சு மாவு பிசைவான்” என்று ஹாரன் ஊரெல்லாம் சொல்வான்.

பூசணிக்கு மூன்று மாதம் இருக்கும்போது வந்து பார்த்தேன், நீ வாடிக் கிடந்தாய். தெம்பு வரட்டும் என்றுதான் அந்த வாரத்திலிருந்து சாதா பிஸ்கட்டை நிறுத்திவிட்டு இதை அனுப்பினேன். ஆறு மாதமாகத் தூக்கம் இல்லை என்று நீ எழுதினாய். நானும் அதைப் படித்தேன். படித்துவிட்டு ஐந்து கூட வைத்து அனுப்பினேன்.

நீ விழித்துக் கிடந்ததற்கு முழுக் காரணம் இதுதான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் தூங்கப் போகிறவள் கையில் ராத்திரிக்கு ராத்திரி ஆறு காபி பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு, தூங்கத் தெரியாதவள் என்று ஊர் கேட்கப் பேசினேன். அந்த வாயை என்ன செய்வது?

தம்பிக்கு எழுதியது அடுப்பில் போய்விட்டது.

வாழ்க்கையில் முதல் தடவை காலி டப்பா அனுப்புகிறேன். வீட்டில் மிச்சம் இருந்தால் குப்பையில் கொட்டு. மற்றதெல்லாம் சொன்னபடியே செய். இரண்டு நாள் தலை வலிக்கலாம், பயப்படாதே. வலி நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டு, பிஸ்கட் விஷயத்தையும் சொல்.

அண்ணி


மார்ச் 23, திங்கள்
மாலை 7.40

என் அண்ணிக்கு,

மணியைப் பார்த்தீர்களா? உங்களுக்கு நான் நள்ளிரவுக்கு முன்னால் எழுதும் முதல் கடிதம் இது.

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். செத்தவனும் எழுந்திருக்கும் பிஸ்கட்! பிறகு அழுகை வந்தது. பிறகு இரண்டும் சேர்ந்து வந்தது, பூசணி பயந்துபோய்ப் பார்த்தாள். காபியை விட்ட தங்கம் என்று பீற்றிக்கொண்டேனே.

டப்பாவைத் திருப்புவதற்காக ஜாடியில் மாற்றி வைத்திருந்த மிச்ச பிஸ்கட்டை வெள்ளிக்கிழமையே குப்பையில் கொட்டினேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தலை இடி இடி என்று இடித்தது. டீச்சர் பூசணியைக் காலையில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டார். கிளினிக்குக்கும் போன் செய்தேன். “நீங்க காபி குடிக்கிறதில்லன்னு சொன்னீங்களே?” என்றார் டாக்டர். “குடிக்கல டாக்டர், தின்னேன்” என்றேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

நேற்று இரவு சின்ன விளக்கில் உட்கார்ந்திருந்தபோது ஒரு கொட்டாவி வந்தது. எத்தனை நாளாயிற்று! வீட்டுக்கு விருந்தாளி வந்ததுபோல அசையாமல் இருந்தேன், எங்கே திரும்பிப் போய்விடுமோ என்று. மூன்று மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன். பெரிய விஷயம் இல்லைதான். எனக்குப் பெரிய விஷயம்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கூப்பிட்டுச் சண்டை போட ஆள் இல்லாத வீட்டில், வாராவாரம் என் நினைவாக ஒருவர் நாற்பது பிஸ்கட் எண்ணி வைக்கிறார் என்பதுதான் எனக்குத் துணையாக இருந்தது. அந்தத் துணைக்காகத்தான் தின்றேன், ருசிக்காக இல்லை.

ஆனால் அன்றைக்கு நான் உங்களைச் சொன்ன அந்த வார்த்தை பிஸ்கட் இல்லை, தெரியாமல் கலந்துவிட்டது என்று சொல்ல. வலிக்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன். பூசணி விழுந்தபோது அந்த அறையில் அவளை முதலில் தூக்கியது பெற்றவள் இல்லை. அதை மறக்க மாட்டேன். மன்னித்தேன் என்று எழுத வேண்டாம். எப்போதாவது மனசு வந்தால் வாருங்கள், அவளைத் தூக்கிக்கொள்ளுங்கள், அது போதும். அடுத்த மாதம் ஒரு வாரம் நாங்கள் இருவரும் உங்களிடம் வந்து இருக்கலாமா? கொண்டுபோவதானால் அவளோடு என்னையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.

நாளை காலை ஐந்துக்கு என்னால் எழ முடியுமா தெரியவில்லை. எழ முடியாமல் போக வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அதனால் டப்பாவை இப்போதே கீழ்க் கடையில் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் காலியாக அனுப்பினீர்கள், நான் நிரப்பி அனுப்புகிறேன். உள்ளே இருப்பது பூசணியின் கை பட்டு நசுங்கிய வாழைப்பழம் இரண்டு. மிச்சம் வைக்கக் கூடாது.

பூசணியின் அம்மா


மார்ச் 24, செவ்வாய்
காலை 5.15, உன் வீட்டு வாசல்படி

அம்மாடி,

வேனில் நானும் வந்தேன். மூன்று நாளாக மனசு கேட்கவில்லை. கடைக்காரர் டப்பாவைக் கொடுத்தார். கடிதத்தை வேன் விளக்கில் படித்தேன். பழம் இரண்டையும் தின்றுவிட்டேன், சட்டம் எனக்கும்தான்.

தலையைத் தூக்கி உன் ஜன்னலைப் பார்த்தேன். இந்த நேரத்தில் அங்கே விளக்கு எரியாமல் பார்த்ததே இல்லை என்று ஹாரன் சொன்னான். வழக்கம்போல வேனின் ஹாரனை அழுத்தக் கையைக் கொண்டுபோனான். கையிலேயே ஒன்று வைத்தேன்.

மாடி ஏறி வந்து கதவைத் தட்டக் கையை ஓங்கினேன். உள்ளே சத்தம். தம்பி சொன்னது சரிதான், எஞ்சின் ரூம் கெட்டது. இந்த மாதிரி ஒரு குறட்டையை நான் கேட்டதே இல்லை. கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது.

தட்டவில்லை. இந்தச் சீட்டைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். வேனை அனுப்பிவிட்டேன். இன்று ரொட்டியை ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். பூசணி எழுந்து சத்தம் கொடுத்தால் கதவைத் திறந்து அவளை என்னிடம் கொடுத்துவிட்டு நீ திரும்பப் போய்ப் படு.

படியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

அண்ணி